கூப்பிடுவது யார், போவது எங்கே? – வாசகர் கேள்வி பதில்

இம்முறை வன்னியிலிருந்து வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே விடயத்தைச் சுற்றியே நின்றன. கடவுள் கூப்பிடுகிறார் போல இருக்கிறது, போகும் இடம் தெரியவில்லை, என்ன செய்வது? சில கடிதங்களைச் சுருக்கியும், எழுதியவர் யாரென்று தெரியாதபடி மாற்றியும் தருகிறோம். வீட்டில் விவிலியத்தைத் திறந்து பார்க்க வசதியாக அதிகார இலக்கங்களைப் பதிலுக்குள்ளேயே வைத்திருக்கிறோம்.

கேள்வி: 2009 சித்திரையில் வலைஞர்மடத்தில் பங்கருக்குள் இருந்தபோது, மூன்று வயது மகனை மடியில் வைத்துக்கொண்டு, "இவன் தப்பினால் குருவானவராக உமக்கே தருவேன்" என்று நேர்ந்தேன். இன்று அவனுக்கு 20 வயது. கிளிநொச்சியில் மோட்டார் சைக்கிள் திருத்தப் பழகுகிறான். குருமடம் என்று வாயெடுத்தாலே எழும்பிப் போய்விடுகிறான். போன மாதம் விழுந்து கை முறிந்தது. நேர்த்தியை நிறைவேற்றாததால் வந்த தண்டனை என்று என் அக்கா சொல்கிறார். நான் என்ன செய்ய?
– ஒரு தாய், இரணைப்பாலை

பதில்: அம்மா, உங்களை வாட்டுவது சட்டம் என்பதால் சட்டத்தையே முதலில் சொல்கிறோம். திருச்சபைச் சட்டம் 1193இன்படி நேர்ச்சை அதைச் செய்தவரை மட்டுமே கட்டும். உங்கள் வாயால் சொன்னது உங்கள் மகனின் கழுத்தில் விழாது. அவன் கடவுளுக்குக் கொடுத்த வாக்கு எதையும் மீறவில்லை. முறிந்த கைக்கும் பங்கருக்குள் சொன்ன வார்த்தைக்கும் முடிச்சுப் போடவே வேண்டாம். அப்படிக் கணக்குப் பார்த்தால், நேர்ச்சையே செய்யாமல் கை முறிந்தவர்களுக்கு என்ன பதில்?

அடுத்தது உங்கள் பக்கம். சட்டம் 1196இன்படி தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து உங்களை விடுவிக்க உங்கள் பங்குத்தந்தைக்கே அதிகாரம் உண்டு. ஆயரில்லம் வரை போகத் தேவையில்லை. சமமான அல்லது அதைவிடப் பெரிய நற்செயலாக நீங்களே மாற்றிக்கொள்ளவும் 1197 இடம் தருகிறது. அதைவிடச் சிறியதாக மாற்றுவதென்றால்தான் அதிகாரமுள்ளவர் வேண்டும். பயத்தில் செய்த நேர்ச்சை தானாகவே செல்லாது என்று சிலர் சொல்வார்கள். அது முழுதும் சரியல்ல. ஒருவர் அநியாயமாகப் பயமுறுத்திச் செய்வித்த நேர்ச்சையைத்தான் 1191 செல்லாது என்கிறது. ஆனால் செல் விழுந்துகொண்டிருந்த நேரத்தில் ஆற அமர யோசிக்கும் நிலை இருந்ததா என்பதைப் பங்குச் சுவாமி கட்டாயம் கேட்பார், கேட்கவும் வேண்டும். பூசை முடிந்த சந்தடியில் போகாமல் ஒரு கிழமை நாளில் நேரம் கேட்டுப் போங்கள். அன்று சொன்ன வார்த்தைகளை, கூட்டாமல் குறைக்காமல், அப்படியே சொல்லுங்கள். மாற்றித் தரும்படி கேட்பதானால் உங்களால் செய்ய முடிந்த ஒன்றைக் கேளுங்கள். தனியாக இருக்கும் முதியவர் ஒருவருக்குக் கிழமையில் ஒருநாள் சமைத்துக் கொடுப்பது போல ஏதாவது.

அன்னாவைப் பற்றி நினைத்திருப்பீர்கள். அவர் மகன் சாமுவேலை நேர்ந்து சீலோ ஆலயத்தில் கொண்டுபோய் விட்டது உண்மை (1 சாமுவேல் 1). ஆனால் மூன்றாம் அதிகாரத்தையும் வாசியுங்கள். தாய் கொண்டுபோய் விட்ட பிறகும் கடவுள் அந்தப் பிள்ளையைத் தனியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிள்ளைக்கு விளங்கவில்லை. மூன்று முறையும் குரு ஏலியிடம் ஓடினான், நாலாம் முறைதான் பதில் சொன்னான். தாயின் நேர்ச்சை அவனை வாசல் வரைக்கும்தான் கொண்டுபோனது. இன்றைய திருச்சபையும் அப்படித்தான். குருவாகத் திருநிலைப்படுத்தலுக்கு முன், சுயவிருப்பத்தோடு வருகிறேன் என்று அவரே தன் கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டும் (சட்டம் 1036). உங்கள் கையெழுத்து அதற்குச் செல்லாது.

இனி இரண்டு எச்சரிக்கை. மகன் வராவிட்டால் இளையவளை மடத்துக்கு அனுப்பிக் கடனைத் தீர்க்கலாம் என்ற யோசனை வீட்டில் வரும், அதற்கு இடங்கொடுக்காதீர்கள். போர் வெற்றிக்காக இப்தா செய்த நேர்ச்சையின் விலையை அவருடைய மகள் கொடுத்த கதை நீதித் தலைவர்கள் 11இல் இருக்கிறது. மற்றது, சுவாமியிடம் போய் வந்த பிறகு மகனைக் கூப்பிட்டு, "உனக்கு ஒரு கட்டும் இல்லை" என்று வாய் திறந்து சொல்லுங்கள். அவன் எழும்பிப் போவது கடவுளிடமிருந்தா, அந்தப் பேச்சிலிருந்தா என்பது அதற்குப் பிறகுதான் தெரியும்.

கேள்வி: முடிவெடுக்கும்போது விவிலியத்தைக் கண்ணை மூடித் திறந்து வருகிற வசனத்தை எடுக்கலாமா? கிதியோனும் கம்பளியை வைத்துச் சோதித்தாரே?
– வாசகர், முழங்காவில்

பதில்: இஸ்ரயேலை மிதியானியரிடமிருந்து மீட்கப் போ என்று கிதியோனுக்குக் கட்டளை நீதித் தலைவர்கள் 6:14இலேயே வந்துவிட்டது. கம்பளி வருவது 36ஆம் வசனத்தில். போவதா விடுவதா என்று தெரியாமல் அல்ல, தெரிந்தும் பயந்ததால்தான் வைத்தார். ஒருநாள் கம்பளியில் மட்டும் பனி, மறுநாள் தரையில் மட்டும் பனி என்று இரண்டு இரவும் கேட்டது கிடைத்தது. பயம் போனதா? அடுத்த அதிகாரத்தில் எதிரியின் பாசறைக்குள் இறங்கக் கூடவே ஓர் ஆள் தேவைப்பட்டது. திருத்தூதர்கள் யூதாசின் இடத்துக்குச் சீட்டுப் போட்டு மத்தியாவைத் தெரிந்தது தூய ஆவி இறங்குவதற்கு முன்பு. அதன் பிறகு திருத்தூதர் பணிகள் நூலில் யாரும் சீட்டுப் போடவில்லை. வசனத்தை ஆறுதலுக்கு எடுங்கள், காணி விற்க எடுக்காதீர்கள்.

கேள்வி: மல்லாவியில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன், வயது 22. கன்னியர் மடத்தில் சேரும் எண்ணம் இரண்டு வருடமாக விட்டுப் போகவில்லை. எங்கே அனுப்புவார்கள், என்ன வேலை தருவார்கள், ஒன்றும் தெரியாது. அம்மா குழுக்கடன் எடுத்திருக்கிறார், நானும் பிணைக் கையெழுத்து வைத்திருக்கிறேன். இது கடவுளின் குரலா என் ஆசையா என்று எப்படிப் பிரித்தறிவது?

பதில்: பிள்ளை, கடனிலிருந்து தொடங்குவோம். நீங்கள் அதைக் கடைசியில் எழுதியிருந்தாலும் சட்டம் அதைத்தான் முதலில் பார்க்கும். கட்ட முடியாத கடன் உள்ளவரை, மடத்தின் தொடக்கப் பயிற்சியான நவசந்நியாசத்துக்கு ஏற்கக்கூடாது என்கிறது சட்டம் 644. பிணை வைத்தவரிடமும் கடன்காரர் வருவார் என்பது வன்னியில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மீதி எவ்வளவு, எத்தனை தவணை, உங்களுக்குப் பதிலாக வேறொருவர் பிணை நிற்பாரா என்று எழுத்தில் எடுங்கள். மடத் தலைவியிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு பிள்ளை இதை மறைத்துப் போய் ஆறு மாதத்தில் வீட்டுக்குத் திரும்பினால், தனக்கு அழைத்தல் இல்லை என்று அந்தப் பிள்ளை முடிவு கட்டிவிடும். இல்லாமல் போனது அழைத்தல் அல்ல, கணக்கு.

குரலைப் பிரித்தறிய, இயேசு சபையை நிறுவிய புனித லொயோலா இஞ்ஞாசியார் காட்டிய வழி இன்றும் பயன்படுகிறது. 1521இல் பம்பலோனாவில் பீரங்கிக் குண்டு பட்டுக் காலுடைந்து படுத்திருந்தவர், இரண்டு வகை எண்ணங்களைக் கவனித்தார். வீரனாகப் பேர் எடுக்கும் கற்பனை வரும்போது இனித்தது, போன பின் மனம் வறண்டது. புனிதர்களைப் போல வாழும் எண்ணம் வரும்போதும் இனித்தது, போன பிறகும் அந்த மகிழ்ச்சி தங்கி நின்றது. ஆக, பார்க்க வேண்டியது பின்சுவையை. ஒரு கொப்பி எடுங்கள். ஒரு மாதம், இரவில் பதினைந்து நிமிடம், இன்று அந்த எண்ணம் எப்போது வந்தது, போன பின் மனம் எப்படி இருந்தது என்று இரண்டு மூன்று வரி. மாத முடிவில் ஒரே இருப்பில் எல்லாவற்றையும் வாசியுங்கள். வீட்டில் சண்டை நடந்த நாட்களிலும், கல்யாணப் பேச்சு வந்த நாட்களிலும் மட்டும் மடத்து ஆசை பொங்கியிருந்தால் அது ஓடுவதற்கான ஆசை. முன்பள்ளியில் பிள்ளைகளோடு மகிழ்ந்திருந்த நாளிலும் அதே ஆசை அமைதியாக நின்றிருந்தால் அது வேறு சங்கதி.

மனம் சோர்ந்து இருண்டிருக்கும் நாளில், முன்பு எடுத்த நல்ல முடிவை மாற்றக்கூடாது என்பதும் அவர் வைத்த விதி. இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தியானக் கொட்டகையில் எல்லோரும் அழும்போது கை தூக்கி எடுத்த முடிவை, வீட்டுக்கு வந்து, கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும்போதும் சரியாகப் படுகிறதா என்று பாருங்கள். ஆலோசனை கேட்பதானால், நீங்கள் சேர்வதாலும் சேராமல் விடுவதாலும் எந்த லாபமும் இல்லாத ஒருவரைத் தேடுங்கள். அம்மாவும் அந்த ஆள் அல்ல, ஆள் சேர்க்க வரும் சிஸ்டரும் அல்ல.

தெரியாத இடத்துக்குப் போகும் பயத்துக்கு மருந்து, திருச்சபை அந்தப் பாதையைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருப்பதுதான். முதலில் சில நாள் மடத்தில் தங்கிப் பார்க்கக் கேளுங்கள். திருமுழுக்கு, உறுதிபூசுதல் சான்றிதழ்களை எடுத்து வையுங்கள். நவசந்நியாசம் குறைந்தது 12 மாதம், அதில் எந்த நாளும் நீங்களாக வெளியே வரலாம், யாரிடமும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. பின் தற்காலிக வார்த்தைப்பாடு (குறித்த காலத்துக்கு மட்டும் எடுக்கும் துறவற நேர்ச்சை), குறைந்தது மூன்று வருடம். அதன் பிறகுதான் நித்திய வார்த்தைப்பாடு. முதல் நாளில் உங்களிடம் கேட்கப்படுவது முதல் நாள் மட்டும்தான்.

கேள்வி: ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு செபக் கூட்டத்தில், வெளியிலிருந்து வந்த போதகர் என் தலையில் கை வைத்து, "ஆபிரகாமைப் போல உன் தேசத்தை விட்டுப் புறப்படு, உனக்குத் தூர தேசத்தில் இடம் இருக்கிறது" என்றார். பிறகு அவருக்குத் தெரிந்த ஏஜென்ட் ஒருவரின் இலக்கமும் தந்தார். காணியை விற்றால் காசு தேறும். கீழ்ப்படியாவிட்டால் பாவமா?

பதில்: ஆபிரகாமிடம் யாரும் கொமிஷன் எடுக்கவில்லை. அவர் சேர்த்த சொத்தையும் ஆட்களையும் கூட்டிக்கொண்டே புறப்பட்டார் (தொடக்கநூல் 12:5).

வேறொருவர் வாயால் வரும் இறைவாக்குக்கு விவிலியத்திலேயே கடுமையான ஒரு பாடம் இருக்கிறது, 1 அரசர்கள் 13. யூதாவிலிருந்து பெத்தேலுக்கு வந்த இறையடியாருக்கு, அங்கே உண்ணாதே, குடியாதே, வந்த வழியே திரும்பாதே என்று நேரடிக் கட்டளை. பெத்தேலில் இருந்த முதிய இறைவாக்கினர் ஒருவர், "வானதூதர் என்னிடம் சொன்னார், வந்து சாப்பிடு" என்று பொய் சொன்னார். இவர் நம்பிப் போய்ச் சாப்பிட்டார். திரும்பும் வழியில் சிங்கம் அடித்தது. உடல் பாதையில் கிடக்க, அதன் பக்கத்தில் கழுதையும் சிங்கமும் நின்றன என்று எழுதியிருக்கிறது. தனக்குக் கிடைத்ததை விட்டு, பெரியவர் சொல்கிறாரே என்று போனதில் வந்த வினை அது. உண்மையான இறைவாக்கினர் எப்படிப் பேசுவார் என்பதற்கு அகபு இருக்கிறார் (திருத்தூதர் பணிகள் 21). எருசலேமில் பவுலுக்கு என்ன நடக்கும் என்று சொன்னார், போ என்றோ போகாதே என்றோ சொல்லவில்லை. முடிவு பவுலுடையது.

ஆகவே நீங்கள் பாவம் செய்யவில்லை. அனைத்தையும் சோதித்துப் பார்க்கச் சொன்னவரும் அதே பவுல்தான் (1 தெசலோனிக்கர் 5:21), அந்தச் சோதனை முழங்காலில் மட்டும் நடப்பதல்ல. மூன்றைப் பாருங்கள். அந்த வாக்கு வருவதற்கு முன் உங்கள் மனதில் அப்படி ஓர் அழைப்பு இருந்ததா? வாக்குச் சொன்னவருக்கு நீங்கள் போவதால் ஏதாவது கிடைக்குமா? ஏஜென்சிக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதி இருக்கிறதா? கடைசியைப் பணியகத்திலேயே கேட்டு உறுதிப்படுத்துங்கள், ஏஜென்ட் காட்டும் போட்டோப் பிரதியை நம்ப வேண்டாம். காணியைப் பற்றி: வன்னியில் பல குடும்பங்களின் கையில் இருப்பது உறுதிப் பத்திரம் அல்ல, அரச காணிக்கான பெர்மிட். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த பெர்மிட் காணியை, பிரதேச செயலாளரின் எழுத்து அனுமதியை முன்கூட்டி எடுக்காமல் விற்க முடியாது. வெள்ளைத் தாளில் எழுதிக் காசு கைமாறினால் வாங்கியவருக்கும் காணி இல்லை, உங்களுக்கும் நிம்மதி இல்லை.

கேள்வி: தமிழ்நாட்டு முகாமில் பல வருடம் இருந்துவிட்டு, செபித்து, கடவுள்தான் கூப்பிடுகிறார் என்று நம்பி மடுப் பக்கம் சொந்தக் காணிக்குத் திரும்பினோம். ஆனியோடு கிணறு வற்றுகிறது. வைத்த தென்னம்பிள்ளையை யானை முறிக்கிறது. நிரந்தர வேலை இல்லை. "அங்கேயே இருந்திருக்கலாம்" என்று மனைவி தினமும் சொல்கிறாள். கீழ்ப்படிந்தது பிழையா?

பதில்: ஐயா, தொடக்கநூல் 12ஐ நாங்கள் எல்லோரும் ஒன்பதாம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறோம். பத்தாம் வசனம் பஞ்சம். 75 வயதில் காரானை விட்டுப் புறப்பட்டு, செக்கேம் வந்து, பெத்தேலில் பலிபீடம் கட்டி, தெற்கே நெகேபு வரைக்கும் போன மனிதனுக்கு, சொல்லப்பட்ட நாட்டிலேயே சாப்பாடு இல்லை. கீழ்ப்படிந்த இடத்தில் கிணறு வற்றுவது, கீழ்ப்படிதல் பிழை என்பதற்கு அடையாளம் என்றால் ஆபிரகாமும் பிழை.

அவர் என்ன செய்தார்? பிழைப்புக்காக எகிப்துக்கு இறங்கினார். போனதற்காக விவிலியம் அவரைக் குற்றம் சொல்லவில்லை. பின்பு திரும்பி வந்து பெத்தேலில் முன்பு கட்டிய அதே பலிபீடத்தடியில் நின்றார் (13:3–4). நீங்களும் வறட்சி மாதங்களில் வவுனியாவிலோ மன்னாரிலோ மேசன் வேலைக்குப் போய் மாரிக்குத் திரும்புவதை அழைப்பை மறுதலிப்பதாக எண்ண வேண்டாம். எகிப்தில் அவர் கெட்டது வேறு இடத்தில். பயத்தில் மனைவி சாராயைத் தங்கை என்று சொல்லி, அவளைப் பார்வோன் வீட்டுக்குப் போக விட்டார். கீழ்ப்படிந்தவருக்கு வரும் பெரிய ஆபத்து, பஞ்சத்தைவிட, பஞ்சத்தில் வரும் பதற்றம். விலையை வீட்டில் உள்ளவர்தான் கொடுப்பார். உங்கள் கடிதத்தில் "செபித்தோம்" என்று இருக்கிறது. மனைவி என்ன சொன்னார் என்று இல்லை. அவரிடம் அன்று கேட்கவில்லை என்றால் இன்று கேளுங்கள். விளக்கம் சொல்லாமல் அவர் சொல்லி முடியும் வரைக்கும் இருங்கள்.

எரேமியா 32ஐயும் இருவரும் சேர்ந்து வாசிக்கலாம். பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்டு நிற்க, எரேமியா காவலில் இருந்தபடியே அனத்தோத்தில் ஒரு நிலம் வாங்குகிறார். விலை 17 செக்கேல் வெள்ளி. சாட்சிகளை வைத்து, நிறுத்துக் கொடுத்து, உறுதி எழுதி, முத்திரையிட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று, இரண்டையும் மண்பானையில் போட்டு வைக்கச் சொல்கிறார். எல்லாம் முடிந்த பிறகுதான், இந்த நேரத்தில் ஏன் என்னை நிலம் வாங்கச் சொன்னீர் என்று கடவுளிடம் கேட்கிறார். கேட்டதற்குத் திட்டு விழவில்லை. எங்களுக்கு அதில் மிகவும் பிடித்தது அந்தப் பானை. இடம்பெயர்வில் உறுதி தொலைத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். உங்கள் காணிப் பத்திரம், இந்தியாவில் பிறந்த பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, குடியுரிமைச் சான்றிதழ் எல்லாம் கையில் இருக்கிறதா? பிள்ளையின் குடியுரிமையைப் பதியாமல் விட்டால் அடையாள அட்டை எடுக்கும் வயதில் இடிக்கும். இல்லை என்றால் நாளைக்கே கிராம சேவையாளரிடம் போங்கள். அங்கே கொடுக்கும் கடிதத்தின் இரண்டு பிரதி உங்களிடமும் இருக்கட்டும்.

கேள்வி: 9ஆம் வகுப்பு மறைக்கல்வியில் ஆபிரகாமின் அழைப்பையும் புனித யோசேவாஸ் அடிகளாரையும் ஒரே பாடத்தில், 40 நிமிடத்தில் படிப்பிக்க வேண்டும். கண்ணைக் கட்டிக் கூட்டிப் போகும் விளையாட்டு வைக்கலாமா?
– மறையாசிரியை, முருங்கன்

பதில்: வேண்டாம். சில பிள்ளைகளுக்கு அது பயம். அதோடு பாடமும் பிழைக்கிறது. ஆபிரகாமின் கண்ணை யாரும் கட்டவில்லை. போகும் இடம் தெரியாது, கூப்பிட்டவரைத் தெரியும். எபிரேயர் 11:8 சொல்வதும் அதுதான்.

முற்றத்தில் ஒரு கயிற்றைப் போட்டு ஊர், காரான், செக்கேம், பெத்தேல், எகிப்து என்று ஐந்து கல் வையுங்கள். ஊர் என்பது ஆபிரகாம் முதலில் புறப்பட்ட நகரின் பெயர், இன்றைய ஈராக்கின் தெற்கில், காரான் துருக்கியின் தெற்கில். ஒவ்வொரு கல்லிலும் நின்று, இந்த இடத்தில் ஆபிரகாமுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று கேளுங்கள். காரானில் தெரிந்தது, நான் காட்டும் நாடு என்பது மட்டும். இந்த நாடுதான் என்று சொல்லப்படுவது செக்கேமுக்கு வந்து சேர்ந்த பிறகு (12:7). இதற்கு 20 நிமிடம் போதும்.

யோசேவாஸ் அடிகளாரை வெறும் துணிச்சல்காரராகக் காட்டாதீர்கள். கோவாவில் 1651இல் பிறந்த இந்தக் குருவானவர் இலங்கைக்குப் போகக் கேட்டார். 1681இல் அனுப்பப்பட்டதோ கோவாவுக்குத் தெற்கே உள்ள கனராவுக்கு. முறுமுறுக்காமல் அங்கே மூன்று வருடம் வேலை செய்தார். 1686இல் கோவாவை விட்டுப் புறப்பட்டு, 1687இல் யாழ்ப்பாணம் சேர்ந்தபோது ஏழைக் கூலியாள் வேடம், வயிற்றோட்டத்தால் துவண்ட உடல். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடை செய்து 30 வருடத்துக்குக் கிட்ட ஆகியிருந்தது. 1692இல் கண்டியில் போர்த்துக்கேய ஒற்றர் என்று சிறை. 1711 தை 16இல் அங்கேயே இறந்தார். 2015 தை 14இல் திருத்தந்தை பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்துவிட்டு, அன்றே மடுவுக்கு வந்தார். பிள்ளைகளின் பெற்றோரில் சிலர் அந்தக் கூட்டத்தில் நின்றிருப்பார்கள், வீட்டில் கேட்டு வரச் சொல்லலாம்.

முடிவில், "நீங்களும் போவீர்களா?" என்று கை தூக்கச் சொல்லாதீர்கள், எல்லோரும் தூக்குவார்கள். அதற்குப் பதிலாக, ஆபிரகாம் அன்றிரவு சாராயிடம் என்ன சொல்லியிருப்பார், சாராய் என்ன கேட்டிருப்பார் என்று ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். புள்ளி போட வேண்டாம், எழுத்துப் பிழையும் திருத்த வேண்டாம்.